பெரு நாட்டுக் கடல் சூடானால் சென்னையில் மழை கொட்டும்!

சென்னைக்கும் தென் அமெரிக்காவில் இருக்கும் பெரு நாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

இடையில் பத்தாயிரம் மைலுக்கு மேல் தூரம். அந்த நாட்டுக்காரர் பாரிமுனையில் கடை போட்டதில்லை. இங்கிருந்து போய் அங்கே பெண் எடுத்தவரும் இல்லை. ஆனாலும் அந்த நாட்டுக் கரையோரம் கடல் தண்ணீர் இரண்டு டிகிரி சூடு ஏறினால் போதும். சென்னையில் குழாய்த் தண்ணீர், அரிசி விலை, தெரு வெள்ளம் எல்லாம் ஆட்டம் காண ஆரம்பித்துவிடும்!

"என்னண்ணே, இந்த வருஷம் மழை எப்படி?" என்று டீக்கடை பெஞ்சில் கேட்டால், "ஏதோ எல் நினோவாம்ப்பா, பேப்பர்ல போட்டிருக்கான்" என்று பதில் வருகிறது. அந்த 'எல் நினோ'தான் பெரு நாட்டுச் சமாசாரம்.

குழந்தை ஏசு

'எல் நினோ' என்பது ஸ்பானிஷ் சொல். 'பையன்' என்று அர்த்தம். குழந்தை ஏசுவையும் அப்படித்தான் சொல்வார்கள்.

பெயர் வைத்தது விஞ்ஞானிகள் அல்ல. பெரு நாட்டு மீனவர்கள்! கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர்கள் கரைக்கு ஒரு சூடான நீரோட்டம் வரும். மீன் ஓடிவிடும். சில வருஷங்களில் அந்தச் சூடு மாதக்கணக்கில் போகாமல் உட்கார்ந்துகொள்ளும். வலை காலி. மீனை நம்பி இருக்கும் கடல் பறவைகள் கூட்டம் கூட்டமாகச் சாகும்.

சாதாரண வருஷத்தில் பசிபிக் கடல் மேல் காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓயாமல் வீசுகிறது. மேலே இருக்கும் சூடான தண்ணீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிக்கொண்டே போகிறது. பெரு கரையில் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. அதோடு மீனுக்குத் தீனியும் வருகிறது. சூடான தண்ணீர் சேர்ந்த இந்தோனேசியா பக்கம் மேகம் திரண்டு மழை கொட்டுகிறது.

இரண்டு முதல் ஏழு வருஷத்துக்கு ஒரு முறை அந்தக் காற்று சோர்ந்து போகிறது. தள்ளுவதற்கு ஆள் இல்லாமல் சூடான தண்ணீர் கிழக்கே திரும்புகிறது. மழையும் அதன் பின்னாலேயே போய்விடுகிறது. பெருவின் பாலைவனத்தில் வெள்ளம். இந்தோனேசியாவில் காட்டுத் தீ. இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை இளைத்துப் போகிறது.

இதற்கு நேர் மாறாக, காற்று வழக்கத்தைவிட வேகமாக வீசி, கடல் அதிகமாகக் குளிர்ந்தால் அதன் பெயர் 'லா நினா'. அதாவது பெண் குழந்தை. பையன் கெடுப்பதைப் பெண் சரி செய்கிறது என்று வடக்கே சொல்லலாம். தமிழ்நாட்டில் அப்படிச் சொல்ல முடியாது!

தமிழ்நாட்டுக் கணக்கு

காரணம், இங்கே மழை இரண்டு தவணை. காவிரியில் தண்ணீர் வர தென்மேற்குப் பருவமழை வேண்டும். சென்னை ஏரிகள் நிரம்ப, ஐப்பசி கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை வேண்டும்.

எல் நினோ வருஷத்தில் முதல் தவணை பெரும்பாலும் குறைகிறது. இரண்டாம் தவணை பெரும்பாலும் கூடுகிறது. லா நினா வந்தால் தலைகீழ். ஆக, எந்தப் பிள்ளை வந்தாலும் தமிழ்நாட்டுக்கு ஒரு பக்கம் இடி உண்டு.

இந்தக் கணக்கு யாருக்கும் தெரியாத காலத்தில், இரண்டு தவணையும் அடுத்தடுத்துக் காலை வாரிய கதை ஒன்று இருக்கிறது. "தாது வருஷப் பஞ்சத்துல அடிபட்டவன் மாதிரி சாப்பிடுறான் பாரு" என்று பாட்டிமார் சொல்வார்களே, அந்தப் பஞ்சம்தான்.

தாது வருஷம்

1876. பசிபிக் கடல் சில வருஷமாகவே குளிர்ந்து கிடந்தது. சென்னை ராஜதானியில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த வருஷம் அதே கடல் திடீரென்று கொதித்தது. இதுவரை கண்ட எல் நினோக்களில் மிகக் கடுமையானவற்றில் 1877-78ல் வந்தது ஒன்று. இந்த முறை தென்மேற்குப் பருவமழை படுத்துவிட்டது. விதை நெல்லையும் தின்று தீர்த்திருந்த குடியானவன் என்ன செய்வான்?

பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதே சமயத்தில் வட சீனாவில் இதைவிட அதிகம். பிரேசிலின் வடகிழக்கிலும் பிணக்குவியல். மூன்று தேசத்துக்கும் ஒரே கடல்தான் காரணம் என்று அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் மழை இல்லாததால் மட்டும் ஜனங்கள் செத்தார்களா? அங்கேதான் கதை வேறு மாதிரி போகிறது.

சென்னைக் கடற்கரையில் கப்பலில் வந்த தானியம் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடந்தது. காவல் போட்டிருந்தார்கள். விலைதான் ஏழைக்கு எட்டவில்லை. இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதியும் நிற்கவில்லை. வியாபாரத்தில் சர்க்கார் கை வைக்கக்கூடாது என்பது வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் கொள்கை.

ஒரு ராத்தல் தானியம்

செலவைக் கட்டுப்படுத்த சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற துரையைச் சென்னைக்கு அனுப்பினார்கள். அவர் கதை விசித்திரமானது.

1873-74ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது இதே டெம்பிள்தான் பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி இறக்கினார். பட்டினிச் சாவு மிகக் குறைவு. பாராட்டு கிடைத்ததா? "சர்க்கார் பணத்தை வாரி இறைத்தார்" என்று வசவுதான் கிடைத்தது! அந்த அவப்பெயரைப் போக்கிக்கொள்ள அவருக்குச் சென்னை அகப்பட்டது.

1877 ஜனவரியில் உத்தரவு போட்டார். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். ஒரு ராத்தல் என்றால் அரைக் கிலோகூட இல்லை. அதைத் தின்றுவிட்டு மண் வெட்டிச் சுமக்க வேண்டும்!

"இது போதாது" என்று சென்னை ராஜதானியின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் சண்டை போட்டார். சில மாதம் கழித்துக் கூலி உயர்ந்தது. அதற்குள் முகாம்களில் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கை கால் உள்ளவர்கள் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறினார்கள். 1877 கடைசியில் மழை வந்ததும், துவண்டு கிடந்தவர்களை மலேரியா வாரிக்கொண்டு போனது.

அந்தப் பஞ்சக் கூலிகள் தோண்டியதில் ஒன்று சென்னைக்கு நடுவிலேயே இருக்கிறது. கூவத்தையும் அடையாறையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்த் துண்டு! நீளம் சுமார் 8 கிலோ மீட்டர். 1877-78ல் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு நின்றது. வெட்டியவர்கள் பெயர் எங்கும் இல்லை.

சேப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் போகும் பறக்கும் ரயிலின் தூண்கள் அந்தக் கால்வாயில்தான் ஊன்றி நிற்கின்றன. மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது தெரிய நியாயமில்லை.

பூமராங் துரை

மழை பொய்க்கப் போவதை முன்கூட்டியே சொல்ல முடியுமா? பஞ்சத்துக்குப் பிறகு சர்க்காருக்கு இந்தக் கவலை பிடித்தது. வானிலை இலாகாவின் பிளான்ஃபோர்டு துரை, இமயமலையில் பனி அதிகம் விழுந்தால் மழை குறைகிறது என்று கண்டு, 1880களில் ஜோசியம் சொல்லத் தொடங்கினார். அதுவும் எப்போதும் பலிக்கவில்லை.

1904ல் இலாகாவுக்குத் தலைவராக வந்தவர் கில்பர்ட் வாக்கர். கணக்குப் புலி. வானிலை பற்றி அதிகம் தெரியாதவர். கேம்பிரிட்ஜில் படிக்கும்போது பூமராங் எறிந்து எறிந்து 'பூமராங் வாக்கர்' என்று பட்டம் வாங்கியவர்!

அவர் உலகம் முழுவதும் இருந்து காற்றழுத்தம், மழை, வெப்பம் என்று கிடைத்த எண்களை எல்லாம் சேர்த்தார். எதற்கும் எதற்கும் பொருத்தம் என்று ஜாதகம் பார்ப்பதுபோல் பார்த்தார். கம்ப்யூட்டர் கிடையாது. கூட்டிக் கழித்துப் பெருக்கியது எல்லாம் இலாகாவின் இந்தியக் குமாஸ்தாக்கள்!

அந்தக் கணக்கில் ஓர் அதிசயம் கிடைத்தது. பசிபிக் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்துமாக்கடல் பக்கம் இறங்குகிறது. இங்கே ஏறினால் அங்கே இறங்குகிறது. தராசுத் தட்டு மாதிரி! 1920களில் இதற்குத் 'தென் ஊசலாட்டம்' என்று பெயர் வைத்தார். அந்தத் தராசும் பெரு மீனவர்களின் சூடான கடலும் ஒரே விஷயம்தான் என்று 1969ல் பியர்க்னஸ் என்ற விஞ்ஞானி சேர்த்துக் காட்டினார்.

ஏரி திறந்தது

விஷயம் தெரிந்துவிட்டது. சென்னை பிழைத்ததா?

2015ல் பலத்த எல் நினோ. நவம்பர் மாதம் மட்டும் சென்னையில் 100 சென்டி மீட்டருக்கு மேல் மழை. டிசம்பர் 1ந் தேதி மறுபடி கொட்டோ கொட்டு என்று கொட்டியது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டி மீட்டர்! செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் அடையாற்றில் பாய்ந்தது. ஜனங்கள் மொட்டை மாடியில் நின்று கூவினார்கள். தமிழ்நாட்டில் அந்த மழைக்காலத்தில் 400க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

2018ல் சட்டசபையில் வைக்கப்பட்ட மத்திய கணக்குத் தணிக்கை அறிக்கை, இது மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்றே எழுதியது. மழையை அனுப்பியது பசிபிக். மதகைத் திறந்ததும், ஆற்றங்கரையில் வீடு கட்ட விட்டதும் பசிபிக் அல்ல.

அடுத்த வருஷமே பெண் குழந்தை எட்டிப் பார்த்தது. 2016ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைவு! 2018லும் மழை ஏமாற்ற, 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலை 12ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. மாலை போட்டு வரவேற்காத குறை!

2023ல் மறுபடியும் பையன். ஆகஸ்டில் நாடு முழுவதும் மழை காணோம். 1901க்குப் பிறகு அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் இல்லை. மழை எப்படிப் போகுமோ, விலை எப்படி ஏறுமோ என்ற பயத்தில் மத்திய அரசு ஜூலையிலேயே பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டிருந்தது. 1877ல் செய்யாததை இப்போது செய்தார்கள். டிசம்பரில் கணக்குப்படி இங்கே வெள்ளம். சென்னையை 'மிக்ஜாம்' புயல் அடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டி மீட்டர்!

கரியமிலப் புகையால் பூமி சூடாவது தனிக்கதை. அது மனிதன் செய்வது. எல் நினோ அதற்கு முன்பே பல்லாயிரம் வருஷமாக வந்து போகிற ஆசாமி. இப்போது இரண்டும் கைகோத்துக்கொண்டு வருவதால் அடி பலமாக விழுகிறது.

நம்பலாமா?

கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 1997ல் பிரமாண்டமான எல் நினோ. நாட்டில் மழையோ வழக்கம் போலப் பெய்தது. இந்துமாக்கடல் கைகொடுத்தது என்கிறார்கள். 2002ல் சாதாரண எல் நினோதான். ஜூலையில் பாதி மழைகூட இல்லாமல் நாடு தவித்தது. 2021ல் லா நினா. ஆனாலும் நவம்பரில் சென்னை மிதந்தது!

இன்னொன்றும் உண்டு. மார்ச், ஏப்ரலில் பசிபிக் கடல் எந்தப் பக்கம் சாயும் என்று கணிப்பது மிகவும் கஷ்டம். ஆகையால் சித்திரையில் "எல் நினோ வருது" என்று யாராவது சொன்னால் பாதிதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆடி பிறந்த பிறகு சொன்னால், கடைக்காரர்கள் சரக்கைத் தரையிலிருந்து இரண்டு அடி தூக்கி அடுக்கி வைத்துக்கொள்ளலாம்.