கடைசி மாத்திரை எப்போது?

சென்னைப் பக்கம் போதை மாத்திரைச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர் டேபென்டடால். கடும் வலிக்குத் தரப்படும் ஓபியாய்டு மாத்திரை. அதைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிப் பழகியவர் விட நினைத்தால் உடம்பு முறுக்கும், வயிறு போகும், தூக்கம் வராது. அந்த அவதியைத் தணிக்க மாற்று மருந்துகள் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடைவெளியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

அவசரப்பட்டால்

அந்த மாற்று மருந்துகளில் ஒன்று பியூப்ரெனார்பின், நாக்குக்கு அடியில் கரையவிடும் மாத்திரை. மூளையின் ஓபியாய்டு ஏற்பிகளை இறுக்கமாகப் பிடிக்கும். ஓரளவுக்கு மேல் தூண்டாது. பழைய சரக்கு உடம்பில் இருக்கும்போதே போட்டால் அதைத் தள்ளிவிட்டு இடம்பிடிக்கும். விலகல் அவதி சட்டென்று, கடுமையாக வரும். "மருந்து ஒத்துக்கலை" என்று சிகிச்சையைக் கைவிடுவது இங்கேதான். பெரும்பாலும் தப்பு மருந்தில் இல்லை, நேரத்தில்!

அதனால்தான் மருத்துவர் கடைசி மாத்திரை எப்போது என்று குடைந்து கேட்கிறார். ஹெராயின் போல சீக்கிரம் இறங்குபவை என்றால் குறைந்தது 12 மணி நேரம் இடைவெளி வேண்டும். இன்னொரு மாற்று மருந்தான மெதடோன் என்றால் தினசரி அளவைச் சுமார் 30 மில்லிகிராமுக்குக் குறைத்து, 24 முதல் 72 மணி நேரம். கொட்டாவி, புல்லரிப்பு, கண்மணி விரிவு உள்ளிட்ட 11 அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்ட பிறகே முதல் மாத்திரை.

பியூப்ரெனார்பினிலிருந்து மெதடோனுக்குப் போக இவ்வளவு காத்திருப்பு வேண்டாம். ஆனால் மெதடோன் நாளுக்கு நாள் உடம்பில் சேரும். அளவை மெல்லத்தான் கூட்ட வேண்டும்.

நால்ட்ரெக்சோன் வேறு சங்கதி

இது போதையை ஏறவிடாமல் தடுக்கும் மருந்து. தொடங்குமுன் 7 முதல் 10 நாள் ஓபியாய்டு எதுவும் கூடாது. பியூப்ரெனார்பின், மெதடோன் எடுத்தவருக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். ஈரல் பரிசோதனையும் தேவை. விபத்தில் அடிபட்டால் மார்ஃபின் வகை வலி மருந்துகள் சரியாக வேலை செய்யா; எனவே இதை எடுப்பதாக எழுதிய சீட்டு சட்டைப் பையில் இருக்கட்டும்.

போதை மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி பழைய அளவைப் போட்டுப் பார்ப்பதுதான் உயிருக்கே உலை. உடம்பு அந்தத் தாங்குதிறனை இழந்திருக்கும். தூக்கத்துக்கென்று நைட்ரஸெபாம், கூடவே மது சேர்ந்தால் மூச்சு அடங்கும். உதடு நீலம் பூத்தால் உடனே 108.

எங்கே போவது?

ஆவடி, அம்பத்தூர்க்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் எட்டும் தூரம்தான். அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' போதை மீட்பு மையங்கள் 2025 பிப்ரவரியில் தொடங்கின. போலீஸ் பயம் உள்ளவர்கள் அறிய வேண்டியது: சிறு அளவு போதைப்பொருள் வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையானவர் தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சை பெற்றால், போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. தேசிய உதவி எண் 14446. போகும்போது காலி அட்டைகள், பழைய மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.