பாணன் போன வழியில் நாடகக்காரர்கள்

மரக்காணம் உப்பளத்தில் வெயில் ஏறினால் பாத்தித் தண்ணீரின் மேல் பாலாடைபோல உப்பு படியும். நீளக் காம்பு வைத்த பலகையால் அதை இழுத்து வரப்பில் குவிப்பார்கள். ஒரு காலத்தில் பக்கிங்ஹாம் கால்வாயில் படகேறிப் போன உப்பு, இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரியில் போகிறது. கலைஞர்களுக்கும் இது பழைய வழிதான். சிறுபாணாற்றுப்படை காட்டும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்பார்கள். திண்டிவனத்துக் கிடங்கிலில் இருந்த நல்லியக்கோடனிடம் பரிசில் பெறப் போகும் பாணனுக்கு இங்கே பரதவர் வீட்டில் சுட்ட மீன் கிடைக்கும் என்று அந்தப் பாட்டு வழி சொல்கிறது.

இதே கடற்கரையில், தெற்கே புதுச்சேரியில், 1922 நவம்பர் 13 அன்று சங்கரதாஸ் சுவாமிகள் காலமானார். தமிழ் நாடகத்துக்குப் பாட்டும் வசனமும் ஒழுங்கும் தந்தவர். பக்கவாதத்தில் பேச்சிழந்துதான் கடைசிக் காலத்தைக் கழித்தார். எத்தனையோ பிள்ளைகளின் நாவில் தமிழை ஏற்றியவருக்கு இப்படி ஒரு முடிவு வந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. அவர் வளர்த்த பிள்ளைகளுள் ஒருவரான தி.க. சண்முகத்துக்கு அப்போது வயது பத்து.

சண்முகம் 1912இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். அப்பா கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடம் கட்டிய நடிகர். 1918இல், ஆறு வயதில், மதுரையில் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் அண்ணன்மாருடன் சேர்ந்தார். அந்தச் சிறுவனுக்காகவே சுவாமிகள் ஒரே இரவில் அபிமன்யு நாடகத்தை எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் இன்றும் சொல்லும் செய்தி. அன்றைய நாடகக் கொட்டகையில் ஒலிபெருக்கி இல்லை. கடைசி வரிசைக்கும் சொல் விளங்க வேண்டும், சுருதியும் விலகக் கூடாது.

1925இல் சகோதரர்கள் சொந்தக் குழு கண்டார்கள். 1935இல் ராஜா சாண்டோ இயக்கிய ‘மேனகா’வில் திரைக்கும் வந்தார்கள், என்.எஸ். கிருஷ்ணனுக்கு அதுதான் முதல் படம். கூட நடித்த பலர் சினிமாவோடு போய்விட்டார்கள். சண்முகம் மேடைக்கே திரும்பினார். முப்பது வயதில் கூன் விழுந்த கிழவியாக ஔவை வேடம் கட்டினார், அந்தப் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. 1953இல் ‘ஔவையார்’ படமானபோது திரையில் அந்த வேடம் கே.பி. சுந்தராம்பாளுடையது. ஆனாலும் ஔவை சண்முகம் என்ற பெயர் அவரைவிட்டுப் போகவில்லை. 1971இல் பத்மஸ்ரீ பெற்றார், 1973இல் மறைந்தார். சென்னையில் லாயிட்ஸ் சாலைக்கு இன்று அவர் பெயர்தான்.

இன்று நடிப்புக் கற்க ஆறு வயதில் யாரும் வீட்டைவிட்டுப் போவதில்லை. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில், காலாப்பட்டில், மத்தியப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி சங்கரதாஸ் சுவாமிகள் பெயரைத் தாங்கி நிற்கிறது. படித்து முடித்த இளைஞர்கள் வந்து நாடகத்தில் பட்டம் வாங்குகிறார்கள். இது நல்ல மாற்றம், சந்தேகமே இல்லை. அன்றைய நாடகக் கம்பெனிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைத் தொலைத்துத்தான் கலை கற்றார்கள். அந்தக் காலம் திரும்ப வேண்டாம்.

இல்லாமல் போனது வேறொன்று. அன்று டிக்கெட் வாங்கி நாடகம் பார்த்த ஊர்மக்களின் காசில் ஒரு குழுவே சாப்பிட்டது. இன்று பட்டம் வாங்கியவருக்கும் அப்படி ஆண்டு முழுக்கச் சோறு போடும் மேடை இல்லை. விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் விழாக்களில் விடிய விடிய ஆடும் கூத்துக்காரருக்கும் திருவிழா மாதங்கள் போனால் வேறு வேலைதான் கதி. உப்பளத் தொழிலாளிக்கு மழைக்காலம் எப்படியோ, அப்படித்தான் இவர்களுக்கும்.

சுவாமிகளின் சமாதி புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் நினைவு நாளில் நாடகக் கலைஞர்கள் அங்கே கூடுகிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு தரம் போய் வாருங்கள். உங்கள் ஊர்த் திருவிழாவுக்குப் பாட்டுக் கச்சேரி பேசும்போது, ஒரு இரவை நாடகத்துக்கும் ஒதுக்குங்கள். பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.