கணிப்பொறியின் மேசையில் எத்தனை வாத்தியங்கள்?

கச்சேரி என்றதும் நம் மனக்கண் முன் வருவன வீணையும் வயலினும் மிருதங்கமுமே. ஆனால் இன்று ஒரு சாதாரணக் கணிப்பொறிக்குள் இவை அத்தனையும் குடியிருக்கின்றன. மரமும் தந்தியும் இல்லாத இவற்றை மெய்நிகர் வாத்தியங்கள் என்கிறார்கள். இவை கேட்பதெல்லாம் தங்க இடம். அந்த இடம் போதாமற் போனால் என்ன செய்வது? நாங்கள் பட்டறிந்து கற்ற பாடத்தை இங்கே சொல்கிறேன்.

ஆண்டு விழாச் சேர்ந்திசைக்குப் பின்னணி இசை அமைக்கும் பொறுப்பு எங்கள் நால்வரிடம் வந்தது. எங்களுக்குக் கிடைத்த கணிப்பொறியின் நினைவகம் 8 கிகாபைட். பியானோ, புல்லாங்குழல், தாளக் கருவிகள் வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. கடைசியாக வயலின் குழுவைச் சேர்த்தோம். அவ்வளவுதான்! இசை விக்கி விக்கி வந்தது. பிறகு திரை அசையாமல் நின்றுவிட்டது. விழாவுக்கு ஒன்பது நாட்களே இருந்தன. "ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு நினைவகத்தைக் கூட்டிவிடலாமே" என்றாள் ஒருத்தி. எங்களில் இருவர் தலை குனிந்துகொண்டனர். வீட்டில் கேட்க முடியாத நிலை என்பது சொல்லாமலே விளங்கியது. இசை ஆசிரியையோ, "வாங்குவது இருக்கட்டும் அம்மா, இருக்கிற இடம் எதனால் நிறைந்தது என்று முதலில் பாருங்கள்" என்றார்.

தோழியரே, நம் நூலகத்தை நினைத்துப் பாருங்கள். அலமாரிகளில் ஆயிரக்கணக்கான நூல்கள் உண்டு. ஆனால் நாம் படிப்பது மேசை மீது எடுத்து வைத்த சிலவற்றைத்தான். கணிப்பொறியின் வன்தட்டே அலமாரி, நினைவகமே மேசை, செயலியே படிப்பவர். மேசை நிறைந்துவிட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் அலமாரிக்கு ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில்தான் இசை தடுமாறுகிறது.

மேசை ஏன் இவ்வளவு விரைவில் நிறைகிறது? ஒரு பியானோவைக் கணக்கிடுவோம். ஒரு விநாடி ஒலியை 48,000 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவுக்கும் 3 பைட். இடம், வலம் என இரண்டு வழிகள். ஆக ஒரு விநாடிக்கு 2,88,000 பைட். பியானோவில் 88 கட்டைகள். மெல்லத் தொடுவது முதல் ஓங்கி அடிப்பது வரை ஒவ்வொன்றையும் 5 விதமாக, பத்துப் பத்து விநாடி பதிவு செய்தால் 4,400 விநாடிகள். பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 127 கோடி பைட், அதாவது 1.27 கிகாபைட்! இத்தனைக்கும் நாம் ஒரு கட்டையை அழுத்தினோம் என்று தெரிவிக்கும் செய்திக்கு, 1983-இல் வகுக்கப்பட்ட மிடி முறைப்படி, 3 பைட்டே போதும். கட்டளை சிறிது, குரல்தான் பெரிது.

எங்கள் கணக்கையும் போட்டோம். கணிப்பொறி தன் சொந்த வேலைக்கு 3 கிகாபைட் எடுத்துக்கொண்டது. மீதி 5. பியானோ 1.3, புல்லாங்குழல் 0.7, தாளம் 0.8, வயலின் குழு 2.4, மொத்தம் 5.2. குற்றம் கணிப்பொறியுடையது அன்று. எங்கள் பந்தியில் இலை போதவில்லை!

இதற்கு நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, வேண்டாததை இறக்குதல். வயலின் குழுவில் வில்லால் இழுப்பது, விரலால் சுண்டுவது, நடுக்கம் கொடுப்பது எனப் பல பாணிகள் சேர்ந்தே ஏறியிருந்தன. எங்கள் பாட்டுக்கு வில்லால் இழுப்பது மட்டுமே தேவை. மற்றவற்றை நீக்கியதும் 2.4 என்பது 0.8 ஆயிற்று.

இரண்டாவது, உறைய வைத்தல். முடிந்துபோன பகுதியை ஒலியாகப் பதிந்துவிட்டு வாத்தியத்தை நினைவகத்திலிருந்து இறக்கிவிடலாம். பருத்த நூலிலிருந்து வேண்டிய குறிப்பை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நூலைத் திருப்பிக் கொடுப்பது போன்றது இது. நான்கு நிமிடப் பியானோ இசை சுமார் 70 மெகாபைட் கோப்பாக வன்தட்டில் அடங்கிவிட்டது. திருத்தம் வேண்டுமானால் உறைவை நீக்கி மீண்டும் வாத்தியத்தை ஏற்றலாம்.

மூன்றாவது, தொடக்கத்தை மட்டும் மேசையில் வைத்தல். ஒவ்வோர் ஒலியின் ஆரம்பத்தை நினைவகத்தில் வைத்து, அது ஒலிக்கும்போதே மீதியை வன்தட்டிலிருந்து கொண்டுவருவது. 1998-இல் வந்த கிகாசாம்ப்ளர் என்ற மென்பொருள் இம்முறைக்கு வழிகாட்டியது. இதற்கு வன்தட்டு விரைவாக இருக்க வேண்டும். சுழலும் தட்டைவிட எஸ்.எஸ்.டி. வகை ஏற்றது.

நான்காவது, மிக எளியது: இசையமைக்கும்போது இணைய உலாவி முதலிய மற்றவற்றை மூடிவிடுதல்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒலி கரகரத்தால் எப்போதும் நினைவகமே காரணம் என்று எண்ணக்கூடாது. செயலி களைத்தாலும் அப்படித்தான் கேட்கும். அப்போது ஒலித் தாங்கியின் அளவைக் கூட்ட வேண்டும். கட்டையை அழுத்தியபின் ஒலி வரச் சற்றுத் தாமதமாகும். ஆனால் செயலிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். இதனால் நினைவகத்தில் இடம் ஏதும் மிச்சமாகாது. எனவே எது நிறைந்திருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டே மருந்து தேட வேண்டும்.

பியானோவை உறைய வைத்து, வயலினை மெலிய வைத்தபின் எங்கள் தேவை 2.3 கிகாபைட்டாகச் சுருங்கியது. விழா நாளில் எல்லா வாத்தியங்களும் தடையின்றி ஒலித்தன. அன்று தலை குனிந்த இருவரும் முன்வரிசையில் நிமிர்ந்து நின்று பாடினர். யாரும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை.

1979-இல் ஆஸ்திரேலியாவில் உருவான ஃபேர்லைட் என்னும் இசைக் கணிப்பொறியில் ஒரு குரலுக்கு 16 கிலோபைட் நினைவகமே இருந்தது. ஒரு விநாடி ஒலி அடங்குவதே அரிது. அதைக் கொண்டே கலைஞர்கள் அரிய இசை படைத்தார்கள். நம்மிடம் அதைப்போல் பல்லாயிரம் மடங்கு இருக்கிறது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள் பெரியோர். இருப்பதை அறிந்து, வேண்டியதை மட்டும் எடுத்து, முடிந்ததை ஒழுங்காகத் திருப்பி வைப்போமாயின் சிறிய மேசையிலும் பெரிய இசை பிறக்கும்.