உறைபொதியாக்கமும் தமிழ் எழுத்தலகும்

பொருள்நோக்கு நிரலாக்கத்தில், தரவையும் அதன்மீது செயற்படும் செயற்கூறுகளையும் ஓர் இனக்குழுவினுள் பிணைத்து, தரவின் உள்ளமைப்பைப் புறத்தேயிருந்து மறைப்பது உறைபொதியாக்கம் எனப்படும். தமிழ்ச் சரங்களைக் கையாளுகையில் இதன் தேவை தெளிவாகப் புலப்படுகிறது.

'தமிழ்' என்னும் சொல் 3 எழுத்துகளை உடையது. ஆயின் யூனிகோடு முறையில் அது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. எனவே பைத்தான் மொழியில் இச்சரத்தின் நீளம் 5 என்றே கிடைக்கும். குறியீடுகளை அப்படியே தலைகீழாக்கினால், புள்ளி சார்பின்றி முதலில் நிற்க, இகரக்குறி மகரத்தை விட்டு ழகரத்தோடு சேர்ந்து 'ழி' ஆகிவிடும். பெறவேண்டிய வடிவமோ 'ழ்மித'.

குறியீடுகளை எழுத்துகளாகத் தொகுக்கும் விதியை ஓர் இனக்குழுவினுள் அமைத்தால், எண்ணுதல், தலைகீழாக்குதல், வெட்டுதல் ஆகிய பணிகள் எழுத்தலகிலேயே நிகழும். விதியில் பிழை காணப்படினும் ஓரிடத்தில் திருத்தினால் போதும். அதனைப் பயன்படுத்தும் நிரல்களை மாற்றவேண்டியதில்லை. அகராதி வரிசைப்படுத்தலும் யாப்பாய்வும் சரியான எழுத்துப் பகுப்பைச் சார்ந்தவையாதலின், உறைபொதியாக்கம் தமிழ்க் கணிமைக்கு இன்றியமையாததாகிறது.