தடித்த நூலில் ஒரு கம்பளித் தொப்பி

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களிற் புல்லின்மீது உறைபனி படிவதுண்டு. அக்குளிருக்கேற்றது, தடித்த கம்பளி நூலிற் குறோசே ஊசியாற் பின்னும் தொப்பி. தலையளவுக்கே பின்னுவோர் பலர். கம்பளி தளரும் இயல்புடையது. நாளடைவிற் தொப்பி கண்ணை மறைக்கும், குழந்தையோ கழற்றி எறியும்.

ஆகவே, சகோதரிகளே, நெற்றியைச் சுற்றி அளந்து நான்கு சென்ரிமீற்றர் குறையுங்கள். மீதியை 3.14 ஆற் பிரித்தால் உச்சி வட்டத்தின் விட்டம் கிடைக்கும். தலைச்சுற்றளவு 50 ஆயின் ஏறக்குறைய 15. பெரியவர்களின் 56 இற்கு 16½. கேத்திரகணிதம் பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடுவதில்லை!

எட்டு மில்லிமீற்றர் ஊசியால், வளையமொன்றிற் 12 ட்ரெபிள் போட்டுத் தொடங்கி, சுற்றுக்குப் பன்னிரண்டாகக் கூட்டுங்கள். விட்டம் வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். இனி ஊசியைத் தையலின் தலையில் நுழைக்காது, கீழ்ச்சுற்றுத் தையலின் தண்டைச் சுற்றி, ஒன்றை முன்புறமாகவும் அடுத்ததைப் பின்புறமாகவும் கோத்துப் பின்னுங்கள். வரம்பும் சாலும்போல மேடுபள்ளம் எழும். இழுத்தால் விரியும், விட்டாற் சுருங்கித் தலையைப் பற்றும்; இடையிற் தங்கும் காற்றே சூட்டைக் காப்பது. காது மறையும்வரை தொடருங்கள்.

கைக்குழந்தை உறங்கும்போது மட்டும் தொப்பியைக் கழற்றிவிடுதல் அவசியம். தலைவழியே சூடு தணிய இடமின்றி உடல் மிகையாக வெப்பமடைதல் சிசுவுக்கு ஆபத்து.