மிதிவண்டியை இளைஞர் கைவிடுவது ஏன்? – தமிழ்நாட்டை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பயிலும் மாணவர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுகிறது. ஆயினும் அதனை ஓட்டிப் பழகியோருள் பலர் கல்லூரிக்கோ பணிக்கோ செல்லும் பருவத்தில் அதனைக் கைவிடுகின்றனர். இதனைச் சோம்பல் என்றோ மோட்டார் வாகன மோகம் என்றோ கூறுவது போதிய விளக்கமாகாது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கோட்பாட்டுப் பின்புலம்

உளவியலறிஞர் அய்சென் 1991இல் விரித்துரைத்த திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு, ஒரு செயலை மேற்கொள்ளும் எண்ணத்திற்கு மூன்று காரணிகளைச் சுட்டுகிறது. அவை, செயல் குறித்த மனப்பாங்கு, சுற்றத்தாரின் எதிர்பார்ப்பு, தம்மால் இயலும் என்னும் உணர்வு என்பனவாம். நடையும் மிதிவண்டியும் உடலுக்கு நல்லவை, செலவு குறைந்தவை என்பதை இளைஞர் அறிவர். எனவே பின்னிரு காரணிகளே இங்கு ஆய்வுக்குரியன.

சுற்றத்தாரின் எதிர்பார்ப்பு

பள்ளிப் படிப்பு முடியும் காலமும், மோட்டார் வாகன ஓட்டுநர் உரிமம் பெறத்தக்க 18 வயதும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன. இதனால் மிதிவண்டி மாணவப் பருவத்திற்கும், மோட்டார் வாகனம் வளர்ந்தோர்க்கும் அடையாளமாகிவிடுகின்றன. எனினும் இவ்வெதிர்பார்ப்பு மாறக்கூடியதே. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தின்வழிப் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். ஏளனத்திற்கு உள்ளான செயல், பலரும் சேர்ந்து செய்தபோது தன்மதிப்பின் அடையாளமாயிற்று.

இயலும் என்னும் உணர்வு

அண்மையிலுள்ள பள்ளிக்குத் தோழரோடு கூடிச் சென்றவர், தொலைவிலுள்ள கல்லூரிக்கு நெடுஞ்சாலையில் கனரக வாகனங்களிடையே தனித்துச் செல்ல நேர்கிறது. நடப்போர் நிலையும் இத்தகையதே. நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருத்தல் வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேரவையின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுநெறி. கடைப்பொருள்களும் நிறுத்தப்பட்ட வாகனங்களும் அவ்விடத்தைக் கவர்ந்துகொள்ளும்போது நடப்போர் சாலையில் இறங்குகின்றனர். விளக்கற்ற தெருவெனில், மாலையில் திரும்பும் இளம்பெண்களுக்கு அவ்வழியே இல்லாதுபோகிறது.

மேலும், 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணிக்கின்றனர். நிறுத்தம் வரை அவர்கள் நடக்கும் நடை, முதன்மை ஊர்தியை மட்டும் பதியும் கணக்கெடுப்புகளில் மறைந்துவிடுகிறது.

முடிவுரை

மிதிவண்டி வழங்குதல் ஊர்தி இல்லாக் குறையைத் தீர்க்கும். பாதை இல்லாக் குறையைத் தீர்க்காது. ஆகவே ஆய்வாளர் இளைஞரிடம் ‘விருப்பமா’ என வினவுவதோடு நில்லாது, எந்த இடத்தில், எந்நேரத்தில், யார்பொருட்டுக் கைவிட்டனர் எனவும் வினவுதல் வேண்டும். அவ்விடைகளே சாலை அமைப்போர்க்குப் பயன் தரும்.