உங்களுக்குத் தெரியுமா? ஒரு மாட்டுக்கு 214 டாலர், இன்னொன்றுக்கு 33

கொரோனாவால் ஓட்டல்கள் மூடிக்கிடந்து, இறைச்சி ஆலைகளிலும் தொற்று புகுந்து மாட்டு விலை சரிந்த 2020 ஏப்ரலில், அமெரிக்க வேளாண் துறை விவசாயிகளுக்கு 1,600 கோடி டாலர் நேரடி நிவாரணம் அறிவித்தது. மே 26 முதல் மனு வாங்கினார்கள். வாஷிங்டனுக்கு அலைய வேண்டியதில்லை. அந்தந்த வட்டாரப் பண்ணைச் சேவை அலுவலகமே கவனித்துக்கொண்டது. ஒருவருக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர்.

மாட்டுக்காரர்களுக்கு எவ்வளவு என்பதைத் தேதிதான் முடிவு செய்தது. தீவனம் போட்டுத் தேற்றிய அடிமாட்டை ஜனவரி 15-லிருந்து ஏப்ரல் 15-க்குள் விற்றிருந்தால் தலைக்கு 214 டாலர். விற்காமல், ஏப்ரல் 16-க்குப் பிறகும் கைவசம் வைத்திருந்தால் வெறும் 33. நூறு மாடுகளுக்கு 21,400 எங்கே, 3,300 எங்கே! விலைச் சரிவு இருவரையும்தானே அடித்தது? இந்தப் பாகுபாட்டில் நியாயமே இல்லை.

நெப்ராஸ்கா மாநிலத்தின் செர்ரி கவுன்டி முழுக்க முழுக்க மேய்ச்சல் பூமி. அப்படிப்பட்ட ஊர்களில் வசந்தத்தில் கன்று ஈனும். விற்பனை பெரும்பாலும் இலையுதிர் காலத்தில்தான். ஏப்ரலுக்குள் விற்க அவர்கள் கையில் என்ன இருந்திருக்கும்? செப்டம்பரில் வந்த இரண்டாம் திட்டம் இறைச்சி மாட்டுக்குத் தலைக்கு 55 டாலர் தந்தது. ஆனால் இனவிருத்திக்கு வைத்திருக்கும் பசுக்களையும் காளைகளையும் அதில் கணக்கில் சேர்க்கவில்லை.